ஸ்டெல்லா ஆன்ட்டிக்குக் கிடைக்காத அரை மணி நேரம்

பள்ளி வேன் சந்தாபுரா சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது ஓட்டுநர் தன் போனைப் பின்னால் நீட்டினார். அம்மா பேசினார். "ஸ்டெல்லா ஆன்ட்டி போயிட்டாங்கடி. காலைல நெஞ்சு வலின்னு கூட்டிட்டுப் போனாங்க. நீ நேரா வீட்டுக்கு வந்துடு." எனக்கு அழுகை வரவில்லை. இந்த வாரமாவது அவருக்கு எங்கிருந்தாவது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததா என்று கேட்டேன். அம்மா போனை வைத்துவிட்டார்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் குடியிருப்பு மலரைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாரே, அவர்தான். பிளாஸ்டிக் பொருட்களுக்கான அச்சுகளைக் கணினியில் வரைந்து தரும் ஒரு நிறுவனத்தில் வரைபடப் பிரிவின் தலைவராக இருந்தார். அந்தப் பிரிவுக்குப் பல வருடங்களாக ஆள் எடுத்தவரும் அவர்தான். என் அம்மா உஷாவையும் அவர்தான் எடுத்தார்.

அவர் ஆள் எடுத்த விதம் வேறு எங்கும் கிடையாது என்பார் அம்மா. ஒரு பழைய கணினியில், யாரும் கேள்விப்படாத ஒரு மென்பொருள் இருக்கும். அதன் பொத்தான்கள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். வருகிறவரை அதன் முன் உட்காரவைத்து, "ஒரு டீ கிளாஸ் வரைங்க, அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கிளாஸ் சரியாக வருகிறதா என்று பார்க்கவே மாட்டாராம். பத்து வருட அனுபவத்தோடு வந்த ஒருவர், "இது எங்க சாஃப்ட்வேர் இல்ல மேடம்" என்று எழுந்து போய்விட்டார். மஞ்சுநாத் அண்ணா எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்து, கிளாஸைத் தலைகீழாக வரைந்துவிட்டு, "மேடம், டீ கொட்டிடுச்சு" என்றாராம். அவருக்கு அன்றே வேலை கிடைத்தது.

என்னை வளர்ப்பதற்காக அம்மா வேலையை விட்டு நீண்ட காலம் ஆகியிருந்தது. அவருக்குத் தெரிந்த மென்பொருள் அதற்குள் வழக்கொழிந்துவிட்டது. அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்ததும், "மேடம், பண்ணினத அழிக்கிறது எது?" என்று மட்டும் கேட்டாராம். ஆன்ட்டி அதைப் பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். "அழிக்கிற வழிய மொதல்ல தேடுறவங்க பயமில்லாம வரைவாங்க. சாஃப்ட்வேர் மாறிட்டே இருக்கும், பாப்பா. கத்துக்கிற ஆளு மாற மாட்டாங்க."

அவர் எப்போதும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார் என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். அப்படி எடுத்த ஒருவர் வேலை பழகி முடிப்பதற்குள் ஓர் அச்சு தவறாகப் போய், ஒரு வாடிக்கையாளர் விலகிவிட்டார். "ஆளு தப்பில்ல. கத்துக்க டைம் வாங்கித் தராதது என் தப்பு" என்றாராம். புதிதாக வந்த மேலாளர் அதை ஏற்கவில்லை. வருகிறவர் வந்த அன்றே வேலை செய்ய வேண்டும் என்றார். பிறகு நிறுவனம் வேறொரு மென்பொருளுக்கு மாறியது. அதில் அனுபவம் உள்ளவர்களை வெளியிலிருந்து எடுத்தார்கள். அந்த அனுபவம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி ஆன்ட்டியை அனுப்பிவிட்டார்கள். சொல்லித் தந்தால் கற்றுக்கொள்வாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்கு நான் நேர்முகத் தேர்வு நடத்த வேண்டும். "மொறைச்சுக் கேளு. பாவம் பார்க்காத." நானும் முறைத்தபடி, "இந்த சாஃப்ட்வேர்ல எத்தனை வருஷ அனுபவம்?" என்பேன். "இல்ல சார். ஆனா இதுக்கு முன்னாடி நாலு சாஃப்ட்வேர் செத்ததப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்." நான் சிரித்துவிடுவேன். "நீ சிரிக்கிற. அங்க சொன்னா வாட்ச்மேன் வந்து கூட்டிட்டுப் போவான்" என்பார்.

ஆனால் அப்படிச் சொல்லக்கூட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இணையத்தில் விண்ணப்பிக்கும்போதே அந்தக் கேள்வி வந்துவிடும். உண்மையைச் சொல்லிப் பூஜ்யம் போடுவார். ஊற்றிய காபி ஆறுவதற்குள் மறுப்பு வந்துவிடும். "ரெண்டுன்னு போடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார் அம்மா. "பொய் சொல்றவங்கள நான் எடுத்ததே இல்லையே உஷா."

கல்லறையில் மண் போட்டு முடித்ததும் மஞ்சுநாத் அண்ணா எங்களிடம் வந்தார். இப்போது வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் அவர்தான்.

"உஷாக்கா, மேடம் எங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. காலைல தேடிப் பார்த்தேன். சிஸ்டமே தள்ளியிருக்கு."

"உங்க கண்ணுல படலையா மஞ்சு?"

"எப்படிப் படும்? அனுபவம் இல்லேன்னா தள்ளுன்னு போட்டு வச்சதே நான்தான். அத்தனை பேர் வராங்க அக்கா, எல்லாரையும் உக்கார வச்சுப் பார்க்க முடியுமா?" கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஏன் பண்ணல?"

அம்மாவுக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தெரியும். மஞ்சு அண்ணா இதைப் படிப்பார் என்பதால் எழுதுகிறேன். அது அவர் வேலை பார்க்கும் நிறுவனம் என்று ஆன்ட்டிக்குத் தெரிந்திருந்தது. மறுப்பு வந்த அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். மஞ்சு அண்ணாவுக்குப் போன் போடச் சொல்லி அம்மா கெஞ்சினார்.

"போட்டா தெரிஞ்சவங்கன்னு எடுப்பான் உஷா. அவன நான் அப்படி எடுக்கல."

ஸ்டெல்லா ஆன்ட்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பதில்தான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.