தெற்கே தலைமாடு

புதுப் பலகை வாசனை வந்தால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நான் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மரக்கடை இருக்கிறது. பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் மரத்தூளும் வார்னிஷும் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக ஏறி வரும், நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வேன். கூட வரும் பெண்கள், "இன்னும் ஸ்டாப்பிங்கே வரலியேடி, எங்க எழுந்துகிட்டு ஓடற?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதென்றால் என் அண்ணன் வந்த பெட்டியிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அடுத்த வீடு. அண்ணன் பெயர் முருகவேல். பன்னிரண்டாவது முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வந்தால் பையைக் கூடக் கழற்றாமல் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வான். மீசை வைத்த ஆள், வாசலில் யார் போனாலும் வெட்கப்பட மாட்டான். அம்மா பேன் பார்க்கிற மாதிரி அவன் தலையைத் துழாவிக்கொண்டே இருப்பாள்.

"மொட்ட அடிச்ச மாதிரி வெட்டி விட்டிருக்கானுவ. இதுல எதடா தேடறது?" என்பாள்.

"இருக்கறதத் தேடும்மா" என்பான் அவன்.

எனக்குப் பதினோரு வயது நடக்கும்போது அவன் செத்துப்போனான். வடக்கே மலைப்பக்கம், அவன் போன வண்டி புதைத்து வைத்திருந்த குண்டின் மேல் ஏறிவிட்டது. மாமாவின் போனுக்குச் சேதி வந்தது. மாமா போனைக் காதில் வைத்தபடியே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உலையை இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் அடுப்பு எரியவில்லை.

உடலைக் கொண்டுவர நாள் ஆகும் என்றார்கள். எங்கள் ஊரில் காலையில் செத்தால் சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். பிணம் இல்லாத சாவு வீட்டில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தல் போட்டாகிவிட்டது, நாற்காலி வந்துவிட்டது, சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், பந்தலின் நடுவில் மட்டும் வெறும் மண். பெண்கள் அழுவார்கள், நிறுத்துவார்கள், வெற்றிலை போடுவார்கள், மறுபடி யாராவது வாசலில் காலை வைத்ததும் எழுந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். மோளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள், அது ஆறிப்போகும், மறுபடி காய்ச்சுவார்கள். "அடிக்கட்டுமா, வேணாமா?" என்று மாமாவைக் கேட்பார்கள். "வரட்டும்யா" என்பார் மாமா. எனக்குக் கால் நிற்கவில்லை. மெயின்ரோட்டுக்கு ஓடுவேன், திரும்பி வருவேன், அம்மாவைப் பார்ப்பேன், திரும்ப ஓடுவேன். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே மடியைத் தட்டித் தட்டிச் சரி செய்துகொண்டிருந்தாள்.

ரோட்டில் பேனர் கட்டினார்கள். அண்ணன் போட்டோ பெரிதாக இருந்தது, கூலிங் கிளாஸ் போட்டபடி. சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது.

"சாவு பேனர்ல கண்ணாடி போட்டுகிட்டு இருக்கானேடா, வேற போட்டோ கெடைக்கலியா?" என்று ஒருவர் கேட்டார்.

"மூஞ்சி நல்லா இருக்கறது இதான் மாமா" என்றான் கட்டிக்கொண்டிருந்தவன்.

வரும் நாள் காலையிலிருந்தே கடைகளைச் சாத்திவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே சாத்தினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கொடி பிடித்து ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து பாய்மார்கள் ஒரு வேன் நிறையத் தண்ணீரும் மோரும் கொண்டுவந்து, வெயிலில் நின்ற எல்லாருக்கும் ஊற்றினார்கள். "திண்டிவனம் தாண்டிட்டாங்களாம்" என்பார் ஒருவர். "பாண்டிச்சேரியாம்" என்பார் இன்னொருவர். கடலூரில் அதிகாரிகள் மாலை போடுகிறார்கள், கூட்டம் ஜாஸ்தி, வண்டி நகரவில்லை என்று சேதி வந்தது. நின்ற ஜனம் நிழலுக்குப் போவதும் ரோட்டுக்கு வருவதுமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. முன்னால் ஜீப், பின்னால் பூ கட்டிய லாரி. வழிநெடுக ஜனங்கள் பூவை அள்ளி வீசியதில் லாரிச் சக்கரமெல்லாம் பூவாக இருந்தது. சிப்பாய்கள் பெட்டியைத் தோளில் தூக்கி, ஒரே மாதிரி அடி வைத்து, பந்தலுக்குக் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்தார்கள். ஒரு முனை வீட்டுப் பக்கம், ஒரு முனை தெருப் பக்கம். மேலே தேசியக் கொடி போர்த்தியிருந்தது. அப்போதுதான் அந்த வாசனை எனக்கு வந்தது. புதுப் பலகை.

அம்மா ஓடி வந்து வீட்டுப் பக்க முனையைக் கட்டிக்கொண்டாள். "தொறங்கய்யா" என்றாள். கூட வந்த தாலுகா ஆபீஸ்காரர், "தொறக்கக் கூடாதும்மா. சீல் வெச்சது. சட்டம்" என்றார். அம்மா அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவினாள். பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, இதுல தலமாடு எது?"

மாமா பெட்டியின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"எனக்கு மூஞ்சி காட்ட வேணாம். தலமாட்டச் சொல்லுங்க. நான் தலகிட்ட இருக்கணும். அங்கதான் வாய்க்கரிசி போடணும். கால்ல போட்டு அனுப்பச் சொல்றியா எம்புள்ளய?"

கூட்டத்தில் பேச்சு எழும்பியது. எங்கள் வழக்கத்தில் தலை தெற்கே இருக்க வேண்டும். எங்கள் வீடு வடக்கே, தெரு தெற்கே. தலை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தெற்கு வடக்கு பார்ப்பது எப்படி? தாலுகா ஆபீஸ்காரர் அதற்குள் கூட்டத்தை ஒதுக்கப் போய்விட்டார். சிப்பாய்களுக்குத் தமிழ் தெரியாது. "மிலிட்டரியக் கூப்பிடுங்கடா" என்றார் மாமா.

எங்கள் தெருவில் ஒருவர் பட்டாளத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் பெயரே "மிலிட்டரி" என்று ஆகிவிட்டது. அன்றைக்குக் காலையிலேயே பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, பொத்தான் வயிற்றில் பொருந்தாமல், பந்தலில் நின்றுகொண்டிருந்தார். இந்தி தனக்குத் தண்ணி பட்ட பாடு என்பார். நேராகப் போய், பெட்டிக்குக் காவல் நின்ற ஹவில்தாருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "சர் கிதர் ஹை?" என்று கேட்டார்.

ஹவில்தார் தெருப் பக்கம் கையை நீட்டினார்.

"அதான் தலமாடு. தெக்காலதான் இருக்கு. சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்றார் மிலிட்டரி.

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. பெண்கள் அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கித் தெருப் பக்கம் கொண்டுபோனார்கள். அம்மா அந்த முனையில் தலையைச் சாய்த்து, கொடியின் மேல் விரலால் துழாவிக்கொண்டே அழுதாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரிசியில் எள்ளும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து தட்டில் கொண்டுவந்தார்கள். அம்மா ஒரு பிடி எடுத்தாள்.

அந்த நேரத்தில் ஹவில்தார் போய், கூட வந்த பட்டாள ஆபீசரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். தெருவில் ஜீப் பக்கம் நின்றிருந்தவர், ஹவில்தார் கை நீட்டிய திசையில் நின்றிருந்தவர் அவர்தான். சின்ன வயசு. வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஓடிவந்த தாலுகா ஆபீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து, "யாருப்பா சாரக் கூப்பிட்டது?" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. மிலிட்டரி மட்டும் ஒரு மாதிரி விழித்தார்.

"நான் சாரக் கேக்கல சார். தலயக் கேட்டேன். இந்தியில தலைக்கும் சர்னுதான் பேரு."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு பந்தலின் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்க முடியாது. இரண்டு மூன்று பேருக்குப் பரவி, அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"யோவ் மிலிட்டரி! இத்தன வருஷம் சப்பாத்தி சுட்டுட்டு ஒரு தலயக் கேக்கத் தெரியலியாய்யா ஒனக்கு!" என்றார் மாமா. மிலிட்டரி பொத்தான் போடாத உடுப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அம்மா அரிசியைப் பிடித்த கையோடு கேட்டாள். "அப்ப இவ்வளவு நேரம் காலக் கட்டிகிட்டா அழுதேன்?" பதிலையும் அவளே சொன்னாள். "சரி. நடந்து நடந்து கால் காந்துதும்பான். அதுவும் ஆச்சு. இப்பவாவது தலயச் சொல்லச் சொல்லுங்க."

தாலுகா ஆபீஸ்காரர் ஆபீசரிடம் சொன்னார். ஆபீசர் பெட்டியைப் பார்த்தார். அம்மாவின் கையில் இருந்த அரிசியைப் பார்த்தார். அது நீளமான நேரம் என்று எனக்கு நினைவு. பிறகு வலது கையுறையைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்க முனைக்குப் போய், கொடியின் காவிப் பட்டையின் மேல் வெறுங்கையை வைத்தார். கொடி போர்த்தும்போது காவி நிறம் தலைப் பக்கம் வரவேண்டும், அதுதான் முறை என்று சொன்னாராம். அம்மா முதலில் ஓடிவந்து பிடித்த முனை அதுதான்.

தலை வடக்கே இருந்தது. திருப்ப வேண்டும் என்றார் மாமா. சிப்பாய்களுக்கு அது ஏன் என்று தெரியாது, ஆனால் ஆபீசர் தலையசைத்ததும் பெட்டியைப் பிடித்தார்கள். அவர்களோடு மாமாவும் எங்கள் தெரு ஆட்களும் பிடித்தார்கள். பந்தலில் இடம் பத்தவில்லை, நாற்காலிகளைத் தெருவில் தூக்கிப் போட்டார்கள். "மெதுவா, மெதுவா, அந்தப் பக்கம் வாங்க மச்சான்" என்று சத்தம். அம்மா காவியின் மேல் கையை வைத்தபடியே பெட்டியோடு சேர்ந்து சுற்றி வந்தாள். தலை தெற்கே வந்தது.

கொடியின் மேல் அரிசி போடலாமா என்று தாலுகா ஆபீஸ்காரர் இழுத்தார். ஆபீசர் அவரைக் கேட்கவில்லை. காவி ஓரத்தைத் தானே தூக்கிப் பிடித்தார். அம்மா அந்தப் புதுப் பலகையின் மேல் ஈர அரிசியை வைத்தாள். மாமா வைத்தார். நானும் வைத்தேன். அவர் கொடியை இறக்கினார். துணிக்கு அடியில் அரிசி சின்ன மேடாகத் தெரிந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு நின்றோம். அங்கே நடந்தது சத்தமாகத்தான் எங்களுக்கு வந்தது. ஒரு ஊதல் கேட்டது. எங்கள் சங்கு போல இல்லை, நீளமாகப் போய் நடுவில் இறங்கியது. பிறகு துப்பாக்கி மூன்று முறை வெடித்தது. புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. ஒவ்வொரு வெடிக்கும் அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்தினாள்.

இருட்டுவதற்கு முன் ஆபீசரே வீட்டுக்கு வந்தார். மடித்த கொடியை அம்மாவின் இரண்டு கையிலும் வைத்து சல்யூட் அடித்தார். அம்மா ஒரு மடிப்பைப் பிரித்தாள். காவித் துணியின் உள்பக்கம் சில அரிசிகள் ஒட்டியிருந்தன. சிப்பாய்கள் உதறப் போனபோது ஆபீசர் வேண்டாம் என்று தடுத்தார் என்று மாமா பிறகு சொன்னார். அம்மா அந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மிச்சம் வெச்சிருக்கான் பாரு. எப்பப் பாரு சோத்துல மிச்சம் வெக்கற பய" என்றாள்.

பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்குப் பிறகு, மாமா என்னிடம் தனியாகச் சொன்னார். "பெட்டியத் திருப்பும்போது நான் ஒரு முனையப் புடிச்சிருந்தேன் பாப்பா. பலகக் கனம்தான் இருந்துச்சு. உள்ள தலமாடு கால்மாடுன்னு ஒண்ணு இருந்துச்சோ இல்லியோ." ஆபீசர் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்கு அப்போது விளங்கியது. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதாடி? அந்த ஆபீசர் புள்ள கைய வெச்ச எடம் தல. அவ்வளவுதான்."

இப்போது அந்தத் தெருமுனை இல்லை. ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்தியதில் அதுவும் புளியமரங்களும் போய்விட்டன. மிலிட்டரி இல்லை. மாமா இல்லை. போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். அவளைக் கிடத்தும்போது தலைமாடு எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொடி என் வீட்டுக்கு வந்தது. பொங்கலுக்கு முன் வீடு சுத்தம் செய்யும்போது எடுத்து வெயிலில் காட்டுகிறேன். அரிசி வண்டு அரித்து மாவாகி, அந்த மாவும் இப்போது இல்லை. காவியில் மட்டும் ஒரு மங்கல் கறை இருக்கிறது. உதறாமல் மடித்து பீரோவில் வைப்பேன். சாத்திவிட்டு நாலு அடி போவேன். மனசு கேட்காது. திரும்பி வந்து திறந்து, காவி தெற்கே இருக்கிறதா என்று பார்ப்பேன்.