யாரும் இல்லையென்று சொன்ன ஊர்

சித்ரகலாவுக்கு நாற்பத்தேழு வயதில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு நாள் கிடைத்தது. அது கிடைத்த இடம் போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ என்ற ஊர்.

அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்குப் பொறுப்பாளி. வீடு சாமளாபுரத்தில். கணவர் ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குப் பின்னாலேயே எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். ஒரே மகள் நித்யஸ்ரீயைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. காலையில் சமையல், பிறகு கம்பெனி வேன், சாயங்காலம் திரும்பவும் வேன், ஞாயிற்றுக்கிழமையானால் கல்யாணமோ காதுகுத்தோ எழவோ. கூட்டத்தோடு போவாள், கூட்டத்தோடு வருவாள். அதை அவள் குறையாக நினைத்ததே இல்லை.

போன ஐப்பசியில், போர்ட்டோவில் இருந்து சரக்கு வாங்கும் பையர், குழந்தைகளின் இரவு உடையில் கழுத்துப் பகுதி சரியாக உட்காரவில்லை என்று ஆர்டரை நிறுத்தி வைத்தார். சாம்பிள் தைப்பவர்களே நேரில் வந்தால் நல்லது என்றார். முதலாளியின் மகன் பிரதீப் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து வெட்டித் தைத்துக் காட்டி, வேலை நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை பிரதீப் இன்னொரு பையரைப் பார்க்க ஸ்பெயினுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. சித்ரகலாவுக்குத் திங்கட்கிழமைதான் விமானம்.

"நாளைக்கு ஒரு நாள் ரூம்லயே ரெஸ்ட் எடுங்கக்கா. எங்காச்சும் போயித் தொலஞ்சுறாதீங்க, அப்புறம் எங்கப்பாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது," என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இருட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது. சமைப்பதற்கு யாரும் இல்லை. படுக்கை விரிப்பை மடித்து வைத்தாள். பிறகு அதைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள். விடிந்ததும் ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டாள். அங்கே மத்தியானமாகியிருந்தது. பின்னால் தறிச் சத்தம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு. பக்கத்தூட்டுல கொழம்பு குடுத்தாங்க. நீ ரூம்லயே இரு புள்ள. பாஷை தெரியாத ஊரு."

"சரிங்க," என்றாள். அப்போது அவள் மனசாரத்தான் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கினாள். கீழே அவள் வயதுப் பெண் ஒருத்தி, கையில் நீளமான ரொட்டியோடு, அவசரமே இல்லாமல் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். நடுவில் நின்று ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு நடந்தாள். சித்ரகலா அவள் திருப்பத்தில் மறையும் வரை பார்த்தாள். பிறகு மகள் வாங்கிக் கொடுத்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தங்கியிருந்த ஓட்டலுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ரயில் நிலையம். டிக்கெட் எடுக்கும் கூடம்தான், ஆனால் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்துப் படம் வரைந்திருந்தார்கள். ஒரு பக்கம் குதிரையும் ஈட்டியுமாகச் சண்டை. இன்னொரு பக்கம் காடு கழனியில் வேலை செய்கிற பெண்கள், மாடுகள். சித்ரகலா போனை எடுத்து வீடியோ பிடித்தாள். "ஏனுங்க, இந்த மாட்டப் பாருங்க, நம்ம மயிலக்காள மாதிரியே," என்று தனியாகப் பேசிக்கொண்டே பிடித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. எதைப் பார்த்தாலும் அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்றே யோசித்தாள். மேட்டு உச்சியில் கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்துக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் மனசில்லை. அவர் கூட இருந்திருந்தால் இந்நேரம் "போதும், வா" என்றிருப்பார். அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான், இப்போது யாரும் "வா" என்று சொல்லப் போவதில்லை என்பது உறைத்தது. பூசை முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

அங்கிருந்து இறங்கினால் ஆற்றின் மேல் உயரமான இரும்புப் பாலம். மேல் தளத்தில் ரயிலும் போகிறது, அதன் ஓரமாகவே ஆட்களும் நடக்கிறார்கள். சித்ரகலா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பாக்கு மட்டை மாதிரிப் படகுகள். கரையோரம் மஞ்சளும் சிவப்புமாக ஒடுங்கிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. பால்கனிகளில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். காற்று அவள் சடையைப் பிரித்துவிட்டது. பின்னிக்கொள்ளவில்லை.

பாலத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஓடி இறங்கி முதல் சந்தில் இருந்த சின்னக் கடைக்குள் நுழைந்தாள். குடை, தொப்பி, சாவிக்கொத்து விற்கிற கடை. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும்; முகத்தைப் பார்த்ததுமே இந்த நாட்டுக்காரி இல்லை என்று தெரிந்தது.

"இந்தியாவா, தீதி?" என்று அவள் அக்கா முறை வைத்து ஹிந்தியில் கேட்டாள்.

சித்ரகலாவுக்கு ஹிந்தி வரும். சாம்பிள் செக்‌ஷனில் ஒடிசாப் பெண்களோடும் பீகார்ப் பையன்களோடும் பேசிப் பேசி வந்த ஹிந்தி. "ஆமா. நீ?" என்றாள்.

"நேபாள். பொக்கரா பக்கம்." அந்தப் பெண் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "தலையைத் துவட்டுங்க. தனியாவா வந்திருக்கீங்க?"

"தனியாத்தான்."

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

சித்ரகலா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டுக்குள்ளிருந்தே, "யாரும் இல்லை," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன நொடியில், தலையில் வெகுநாளாகச் சுமந்த தண்ணீர்க் குடத்தை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெண்ணின் முகம் இளகிப் போயிற்று. அவள் உள்ளே போய்ப் பாலும் இஞ்சியும் சேர்த்துத் தேநீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "குடிங்க தீதி. யாரும் இல்லைன்னு சொல்லாதீங்க. இந்தக் கடைக்கு எப்ப வேணும்னாலும் வாங்க."

பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூட உடையில், முன்பல் இல்லாமல் சிரித்தது. "என் மகள். என் அம்மாகிட்ட இருக்கா. நான் வந்தப்ப நடக்கவே பழகல. இப்ப போன்ல பேசக் கூப்பிட்டா வெட்கப்பட்டு ஓடிடுறா." படத்தின் மேல் இருந்த தூசியைக் கட்டை விரலால் துடைத்தாள். தூசி அங்கே இல்லை. "இங்க எனக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. எப்ப வேணா வரலாம், எப்ப வேணா போகலாம். அதை வச்சு என்ன பண்றது தீதி?"

சித்ரகலா தேநீரைக் கீழே வைத்தாள். எனக்கும் மகள் இருக்கிறாள், கணவர் இருக்கிறார், அவர் காலையில்தான் பேசினார் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தத் தேநீரைக் குடித்த பிறகு எப்படிச் சொல்வது? அந்தப் பெண் ஏங்குவதெல்லாம் தன்னிடம் இருக்கிறது. தான் இன்றைக்கு ஏங்குவது அவளிடம் கொட்டிக் கிடக்கிறது. இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது சித்ரகலா அவள் கையைப் பிடித்து, "உன் மகள் சீக்கிரம் உன்கிட்ட வந்துருவா, கண்ணு," என்றாள். கடைசி வார்த்தை மட்டும் தமிழில் வந்தது. அவளுக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது.

மழை விட்டதும் ஆற்றோரமாக ஓடுகிற பழைய டிராமில் ஏறினாள். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால், ஆறு கடலில் கலக்கிற இடம். கருங்கல் சுவர் ஒன்று கடலுக்குள் நீண்டிருந்தது. முனையில் கலங்கரை விளக்கம். அலை வந்து சுவரில் அடித்து, பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. சித்ரகலா தள்ளியிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வழியில் வாங்கிய முட்டைப் பணியாரத்தைத் தின்றாள். பாதி தின்ற பிறகுதான், அவருக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று இன்று தோன்றவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது. ஈஸ்வரமூர்த்தி.

"எங்க இருக்கே?"

"ரூம்லதானுங்க."

"அதென்ன அந்தச் சத்தம்?"

"மழைங்க. இங்க நல்ல மழை."

"சரி புள்ள. சூதானமா இரு," என்று வைத்துவிட்டார்.

அவள் அழுதாள். வருத்தம் என்று சொல்ல முடியாது. இந்த நாள் முடிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் தாங்கவில்லை. சூரியன் கடலில் இறங்கி, விளக்குகள் ஏற்றிய பிறகே எழுந்தாள்.

திங்கட்கிழமை விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். கழுத்துத் தைப்பு சரியாகி ஆர்டர் ஓடியது. நித்யஸ்ரீ வீடியோக்களைப் பார்த்து "சூப்பர்மா" என்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் ரயில் நிலையத்தையும் பாலத்தையும் சொன்னாள். கடையையும் கடலையும் சொல்லவில்லை. வேனில் போகும்போது போனில் அந்த ஊரில் இன்றைக்கு மழையா வெயிலா என்று பார்ப்பாள். மழை என்றிருந்தால் அந்தக் கடை வாசலில் இப்போது யார் ஒதுங்கி நிற்பார்கள் என்று தோன்றும். ரசத்துக்குப் புளி கரைக்கும்போது கை அப்படியே நின்றுவிடும்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. திடீரென்று வீடு அமைதியானது. ஈஸ்வரமூர்த்தி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் காப்பி கொண்டுவந்தாள்.

"ஏம்புள்ள, அன்னைக்கு மழைன்னயே. அது கடலுதான?"

அவள் டம்ளரை நீட்டியபடியே நின்றாள். "ஆமாங்க."

"எனக்கு அப்பவே தெரியும். மழை இப்படி விட்டு விட்டு அடிக்காது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரப் பெண்ணிடம் யாரும் இல்லையென்று சொன்னதையும் சொன்னாள். அவர் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து இருட்டான தறிக்குடோனுக்குள் போய்விட்டார்.

ஒரு வாரம் வேண்டிய பேச்சு மட்டும்தான். "சோறு", "சாவி", "வேன் வந்துருச்சு". அவள் சமாதானம் சொல்லப் போகவில்லை. சொன்னால் அந்த நாளை இல்லையென்று ஆக்குவது போலிருக்கும் என்று பட்டது.

பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே கேட்டார். "யாரும் இல்லைன்னு சொன்னியே, அப்ப எப்படி இருந்துச்சு?"

"லேசா இருந்துச்சுங்க. அப்புறம் பயமாப் போச்சு."

"எது மொதல்ல?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "லேசா இருந்ததுதானுங்க மொதல்ல."

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "எனக்கு அப்படிச் சொல்றதுக்கு ஒரு ஊரு எங்க இருக்குதுன்னு தெரியல புள்ள," என்றார். குரலில் கோபம் இல்லை. இருபத்தைந்து வருஷமாகப் பாவு நூலும் ஊடை நூலும் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டு தறிக்கு நடுவிலேயே நிற்கிற மனிதர் அவர் என்பதை, அன்றுதான் அவள் புதிதாகப் பார்த்தது போல் பார்த்தாள்.

அதன் பிறகு சித்ரகலா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பிப் போகத் தொடங்கினாள். தடுப்பார் இல்லை. ஒரு முறை தாராபுரத்தில் மகள் வீட்டுக்குப் போகாமல் அமராவதி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்தில், சோமனூர்ச் சம்பந்த வகையில் உறவான ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள். "அட, சித்ராக்கா! தனியாவா உக்காந்திருக்கீங்க? அண்ணன் எங்கீங்க? மகளுக்கு ஏதும் பிரச்சினையா?" அவளுக்குப் பதில் சொல்லி அனுப்புவதற்குள் ஆறு பழைய ஆறாகிவிட்டது. இருந்தாலும் அடுத்த மாதமும் போனாள். வேறு பஸ்ஸில், வேறு ஊருக்கு. போர்ட்டோவுக்கு இனிப் போகிற வாய்ப்பு இல்லை. அடுத்த முறை பையரே திருப்பூர் வருவதாகப் பிரதீப் சொல்லிவிட்டான்.

தைப் பொங்கல் கழிந்த ஞாயிறன்று ஈஸ்வரமூர்த்தி தறிகளை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். "வாறேன்," என்று மட்டும் சொன்னார். எங்கே என்று வாய் வரைக்கும் வந்த கேள்வியை அவள் விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

பொழுது சாயத்தான் திரும்பினார். முகம் வெயிலில் கறுத்து, சட்டையில் புழுதி. எந்தத் திசைப் புழுதி என்று அவளுக்குத் தெரியவில்லை. காலைக் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். அவள் சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். கேட்டுவிட நாக்குத் துடித்தது. அவர் மெதுவாக, எதையோ பார்த்துக்கொண்டிருப்பவர் போலச் சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து, அவர் பார்க்கிற இடத்தையே பார்க்க முயன்றாள். அங்கே சுவர்தான் தெரிந்தது.