கடைசியாக என் முறை

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிராட்பேண்ட் இணைப்பு ஒன்றுதான். அதற்கு வாய் மூன்று. மகனுக்கு வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை, மகளுக்குக் கல்லூரி வகுப்பு, எனக்கு மந்தாரக்குப்பத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் கிரிக்கெட். மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால் மூவருக்குமே படம் அசையாமல் நின்றுவிடும். பிறகு சண்டைதான். அந்தக் கொரோனாக் காலத்தில் வீட்டில் நிம்மதியாக இருந்தது கம்ப்யூட்டரைத் தொடாத என் மனைவி மட்டும்தான்.

ஒருநாள் அவளுக்கும் பொறுமை போயிற்று.

"மைன்ஸ்ல அத்தினி பேரு ஷிப்டு போட்டுகினு வேல செய்றீங்க. இந்த வூட்டுல மூணு பேரால முடியாதா?"

அன்றே பிரித்துக் கொடுத்தாள். காலையில் மகளின் வகுப்பு, பிற்பகலில் மகனின் மீட்டிங், எல்லாம் ஓய்ந்த பிறகு நான். "பர்மனென்ட் ஆளுக்குக் கடைசியா?" என்று மல்லுக்கு நின்றேன். "வெளியிலதான் நீங்க பர்மனென்ட்டு. இங்க கான்ட்ராக்ட்டுதான்" என்று சிரித்தாள்.

முதலில் காய்ச்சல் வந்தது அவளுக்குத்தான். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்சில் ஏற்றிப்போனார்கள். எங்களுக்கும் தொற்று என்றார்கள். ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. சாயங்காலம் ஒரு நர்ஸ் கொஞ்ச நேரம் வீடியோவில் அவளைக் காட்டுவார். எங்களுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

முதல் நாள் மூவரும் அவரவர் அறையிலிருந்தே ஒரே நேரத்தில் வீடியோவில் சேர்ந்தோம். அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனது. மூடிய கதவுக்குப் பின்னால் மகள் அழுதது ஹாலைத் தாண்டி எனக்குக் கேட்டது. எழுந்து போய்த் தலையைத் தடவிக் கொடுக்கக்கூட வழியில்லாத பாவியாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மகன் அறைக்குள்ளிருந்தே சத்தம் கொடுத்தான். "அம்மா போட்ட மாதிரி ஷிப்டுலயே பேசலாம்பா. ஒருத்தர் பேசும்போது மத்த ரெண்டு பேரும் ஆஃப் பண்ணிடணும்."

"நீங்க முதல்ல பேசுங்க. நான் கடைசியா வரேன்" என்றேன். பெற்ற பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பதில் என்ன பெரிய தியாகம்?

மகள் பேசினாள். பிறகு மகன் பேசினான். நான் சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு காத்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போகிறவன் போல ஒரு படபடப்பு. நீ இல்லாமல் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை, வந்துவிடு என்று அவளிடம் சொல்ல வேண்டும். இப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகாத ஆள் நான். அதனால் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் ஆஃப் பண்ணிட்டோம்" என்றான் மகன்.

படம் அவ்வளவு தெளிவாக வந்தது. நெற்றியோரத்து நரை வரைக்கும் தெரிந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கண் மூடியிருந்தாள்.

"இப்பதான் சார் கண்ணசந்தாங்க. எழுப்பட்டுமா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டார்.

ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் தூங்குகிறவரை எழுப்ப மாட்டோம். நைட் ஷிப்டு முடித்து நான் படுத்திருந்த பகல்களில் குக்கர் வைக்க மாட்டாள். வாசலிலேயே நின்று, வருகிறவர்களைச் சைகையாலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். அவளையா எழுப்பச் சொல்வேன்?

"வேணாம்மா, தூங்கட்டும். நாளைக்குப் பேசிக்கிறேன்."

கொடுத்த நேரம் முடியும்வரை அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

பிள்ளைகள் இப்போது வேலைக்காக வெளியூரில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். "அம்மா கடைசியா உங்ககிட்டதானப்பா பேசினாங்க. என்ன சொன்னாங்க?"

"சாப்டீங்களான்னு கேட்டாம்மா" என்பேன். வேறு எதையும் இட்டுக்கட்ட எனக்கு வரவில்லை.