பேய் முகமூடியின் மூக்கு

என் அக்கா வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். எனக்கும் அதே வாய்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேய்ப் படம் வந்து சக்கைப் போடு போட்டது. அந்தப் பேயின் முகமூடியை ரப்பர் பாலை அச்சில் ஊற்றி, காயவைத்து, மயிர் மயிராக நட்டுச் செய்தவள் அக்கா. அதை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து குதித்தவர் மாமா, அதாவது அவள் புருஷன். டூப் போடுவது அவர் தொழில். படத்தில் யார் பெயரும் வரவில்லை, காசு மட்டும் அவள் வேலை பார்த்த பட்டறையின் முதலாளிக்கு. பட்டறையை மூடிவிட்டார்கள், முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா இப்போது பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறாள். அவள் வீட்டுச் சமையல் மேடையில் டம்ளருக்குப் பக்கத்தில் யாருடைய பல்லாவது இளித்துக்கொண்டிருக்கும்.

போன வருஷம் ஒரு சினிமாக் கண்காட்சியில் அந்த முகமூடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கீழே ஓர் அட்டை: ‘செய்தவர்: தெரியவில்லை.’ தெரியவில்லையாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்கா மூன்று தடவை போய்ச் சொன்னாள். ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் ஏது காகிதம்?

அப்போதுதான் அங்கே ஒரு போட்டி வைத்தார்கள். ரசிகர்கள் செய்யும் நகல்களை அசலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்களாம். அக்காவுக்குப் பரிசு வேண்டாம், அந்த அட்டையில் தன் பெயர் வர வேண்டும். தன் கை வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒத்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? இரண்டு மாதம் மெனக்கெட்டு இன்னொன்று செய்தாள்.

போட்டியன்று நானும் மாமாவும் அக்காவோடு போனோம். மேஜையில் பதினொரு நகல்கள். நடுவர் அளவுகோலும் டார்ச்சுமாக வந்தார். அக்காவுடையதில் நெற்றிச் சுருக்கம், பல் வரிசை எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் மூக்கில் வந்து நின்றுவிட்டார்.

“எல்லாம் பிரமாதம்மா. ஆனா இடது மூக்கு ஓட்டை ரெண்டு மடங்கு பெரிசு. அசல்ல ரெண்டும் சமமா இருக்கு. கை தவறிடுச்சு போல.”

“கை தவறல. நான்தான் வெட்டினேன். அப்பவும் அப்படித்தான் வெட்டினேன். ஷூட்டிங்ல இந்த மனுஷனுக்கு மூச்சு முட்டி மயங்கி விழுந்துட்டார். முதலாளி அந்தப் பக்கம் போனதும் கத்திரிக்கோலை எடுத்துட்டேன்.”

“இவ வெட்டலேன்னா நான் நிஜப் பேயாவே ஆயிருப்பேன் சார்” என்றார் மாமா. நாலு பேர் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை.

“கதை நல்லா இருக்கு. அசல்ல இல்லையேம்மா?”

“பெட்டியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க. எவனோ கிழிசல்னு நினைச்சு ஒட்டுப் போட்டிருக்கான்.”

“அதெல்லாம் தொடக்கூடாது.”

“நான் தொட்டுச் செஞ்சதைத் தொடக்கூடாதா? திறக்காம நான் நகர மாட்டேன்.”

நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் ஒன்றை இழுத்துப் போட்டேன். பின்னால் கூட்டம் சேர்ந்தது. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த கண்காட்சிப் பொறுப்பாளர், தலையில் அடித்துக்கொண்டு சாவி கொண்டுவந்தார். கையுறை மாட்டி, பேயின் மூக்குக்குள் விரலை விட்டார். முகம் மாறிப்போனது.

“சார், இடது பக்கம் உள்ளே ஒட்டு இருக்கு. வேற ரப்பர், கெட்டியா இருக்கு.”

நடுவர் தானும் தொட்டுப் பார்த்தார். “மன்னிச்சுக்கங்கம்மா. முதல் பரிசு உங்களுக்குத்தான்.”

“பரிசை நீங்களே வெச்சுக்கங்க. அந்த அட்டையை எடுங்க.”

“மேல கேட்டுட்டு ஒரு மாசத்துல…” என்று பொறுப்பாளர் இழுத்தார். அக்கா அட்டையைத் தானே எடுத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் உருவினாள். ‘தெரியவில்லை’யைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். கடைசி எழுத்து ஓரத்தில் போய் முட்டியது.

“என்னம்மா இது, அட்டையில இடமே பத்தலையே!” என்றார் பொறுப்பாளர்.

“அப்ப பெரிய அட்டையாப் போடுங்க.”