நீலக் கோடு போட்ட தட்டு

கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். நீலக் கோடு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டின் ஓரத்தில், கருக்கிய சர்க்கரைப் பாகுக்கு நடுவே ஒரு துண்டு முட்டைப் புட்டிங். எங்கள் பெரிய துரை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு முன் வராந்தாவுக்குப் போன பிறகு மேசையில் அந்தத் தட்டு கிடக்கும். துண்டு பெரிதானதும் இல்லை, ஒரு வாரமாவது இல்லாமல் போனதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பங்களாச் சமையல்காரர், எங்கள் பேச்சில் குசினிக்காரர், வந்து தட்டை எடுப்பார். சன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பார். "இன்னிக்கும் மிச்சம் வச்சிட்டாரு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, பின்னால் போய்க் கோழிகளுக்குப் போடுவார். துரைக்கு வாரம் ஒரு ஊசி போட வேண்டியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடவும் ஊசி போடவும் டிரெசராக இருந்த நான் அந்த நேரத்தில் ஊசிப் பெட்டியோடு பங்களாவில் இருப்பேன். அதனால் இந்தக் காட்சியை ஞாயிறு தவறாமல் பார்க்க வேண்டியதாயிற்று.

லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து மண் ரோட்டில் உள்ளே போக வேண்டிய ரப்பர் தோட்டம் அது. குசினிக்காரர் அந்தப் பங்களாவுக்கு எனக்கு முன்பே வந்தவர். சூப்பு, ரோஸ்ட், புட்டிங் எல்லாம் முன்னாலிருந்த சமையல்காரரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் சமைக்கும் முறை மட்டும் நம்முடையது. அடுப்பில் இருப்பதை நாக்கில் வைக்க மாட்டார். பரிமாறுவதற்கு முன் வாயில் பட்டால் அது எச்சில், சாமிக்கானாலும் சரி, துரைக்கானாலும் சரி. மோந்து பார்த்தே உப்புப் போதுமா என்று சொல்லிவிடுவார். நான் சோதித்திருக்கிறேன், தப்பியதில்லை. டின் பாலை ஊற்றி, முட்டையை அடித்து, வாசத்துக்கு ஒரு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு அதில் மிதக்கவிட்டு அவர் செய்யும் புட்டிங்கின் வாசம் ஆஸ்பத்திரி வரை வரும். அந்தப் புட்டிங்கைத்தான் துரை மீதம் வைத்தார். விருந்துக்கு வந்தவன் இலையில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் சமைத்தவர் முகத்தில் அடித்த மாதிரி என்று எண்ணும் மனிதருக்கு, வாரா வாரம் அந்த அடி விழுந்துகொண்டிருந்தது.

"சட்டியில ஒட்டினத வழிச்சுத் திங்கிறீங்களே அண்ணே, நல்லாத்தானே இருக்கு? அப்புறமென்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு, டிரெசரையா. எனக்கு நல்லாருந்து என்ன? அவங்க ஊர்ல, அவங்க கையால செஞ்சத ஒரு வாய் தின்னு பாத்தாத்தானே என் கை எங்க நிக்குதுன்னு தெரியும்?"

துரையிடமே கேட்டுவிட வேண்டியதுதானே என்றேன். கேட்டு வாங்கினால் அது பாராட்டா, பிச்சையில்லையா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாக ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, ஒரு துண்டு புட்டிங்குக்காக ஒருவர் முகம் வாடுவதை யார் பொருட்படுத்துவார்கள்?

பிறகு துரைக்கு உடம்பு மோசமாகி, ஊருக்கே போய்விடுவதென்று ஆனது. தனியே கப்பலேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட நானும், பத்தியச் சாப்பாடு பார்த்துக்கொள்ளக் குசினிக்காரரும் கூடவே போனோம். பிரான்ஸ் தேசத்தில் மார்செய் என்ற துறைமுகத்தில் துரையின் அண்ணன் வந்து காத்திருந்தார். அங்கிருந்து அவர்கள் ரயிலில் தங்கள் இங்கிலீஷ் சீமைக்குப் போய்விடுவார்கள், நாங்கள் அடுத்த கப்பலில் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. துரை எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். எனக்கு "தேங்க்யூ, டிரெசர்" கிடைத்தது. குசினிக்காரருக்கு "குட்பை, குக்" மட்டும்தான். அவர் ஏதோ வரும் என்று நின்றார். வண்டி கிளம்பித் திரும்பி மறைந்த பிறகும் நின்றார்.

திரும்பும் கப்பல் தாமதம் என்று கப்பல் ஆபீசில் சொன்னார்கள். மாலுமிகள் தங்கும் ஒரு மலிவான விடுதியில் ஆளுக்கொரு கட்டில் கிடைத்தது. அண்ணன் துரை கொடுத்துவிட்டுப் போன சாப்பாட்டுக் காசு, கப்பல் வரும்வரை இழுத்துப் பிடித்தால் போதும் என்கிற அளவில் இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அந்த நாட்களில் நாங்கள் பட்டினி கிடக்கவும் இல்லை, மூலையில் முடங்கவும் இல்லை. ஒரு முழ நீள ரொட்டியை வாங்கினால் இரண்டு வேளைக்கு வரும். அதோடு ஆரஞ்சுப் பழம். துறைமுகத்து ஓரத்தில் ஒருத்தி கடலைமாவைக் கிண்டித் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்துக் காகிதத்தில் சுற்றி விற்றாள். குசினிக்காரர் அதை மோந்து பார்த்து, மலாய்க்காரர் மாதிரி வியந்து, "அலமாக்! நம்ம பஜ்ஜிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றார். உப்பு ஒரு கல் தூக்கல் என்பதையும் சொன்னார்.

காசில்லாதவனுக்குக் கால்தான் வாகனம். துரை கழித்துப்போட்ட கோட்டுகளை மாட்டிக்கொண்டு, காற்று காதைப் பிய்க்கப் பிய்க்க ஊரெல்லாம் நடந்தோம். மீன் விற்கும் பெண்கள் படகிலிருந்து இறக்கிய உடனே கூவி விற்பதை நின்று பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. துறைமுகத்தின் இரு கரையிலும் இரும்புக் கோபுரங்களை நிறுத்தி, நடுவே கம்பியில் ஒரு மேடையைத் தொங்கவிட்டு ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு அனுப்பினார்கள். ஒரு மதியம் முழுக்க அதையே பார்த்தோம். மலை உச்சியில் மாதா கோயில். உள்ளே கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கின. புயலில் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியவை என்று பார்த்தவுடனே எங்களுக்குப் புரிந்துவிட்டது. நம் ஆட்கள் வெள்ளியில் கண்ணும் காலும் செய்து உண்டியலில் போடவில்லையா? குசினிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும்.

இறங்கும் வழியில் சொன்னார். "நாளையும் மறுநாளும் ரொட்டியோட நிறுத்திக்குவோம், டிரெசரையா. மிச்சத்துல ஒரே ஒரு வேளை இவங்க கடையில உக்காந்து சாப்பிடணும். புட்டிங்கு வரைக்கும்."

"புட்டிங்குக்காகப் பட்டினியா?"

"நீங்க வராட்டிப் போங்க. நான் போவேன்."

போனோம். தெருமுனையில் கூலிக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் சாப்பிடும் சாதாரணக் கடை. உள்ளே ஒரே நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. பட்டியலைப் படித்து விழிக்க வேண்டிய தொல்லை இல்லை. ஒரு சின்னப் பெண் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். சூப்பும் மீனும் வந்தபோது குசினிக்காரர் அக்கம்பக்கத்துத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவனும் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துத் துடைத்துத் தின்றான். கழுவ வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி தட்டுகள் பளிச்சென்றிருந்தன. அவர் முகம் இருண்டது. "பாத்தீங்களா? நல்லாருந்தா வெள்ளக்காரனும் மிச்சம் வைக்கிறதில்ல" என்றார். அதன்பின் புட்டிங் வந்தது. அதே புட்டிங், அதே கருக்கிய பாகு. கரண்டியில் எடுத்து மோந்தார். கண்ணை மூடி வாயில் வைத்தார். இன்னும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார்.

"நம்முது மாதிரிதான். ஆனா பாண்டான் வாசம் இல்ல" என்றார் கடைசியில். எது தப்பு என்று அதிலிருந்து எப்படித் தீர்ப்புச் சொல்வது? பாண்டான் இலையால் இவர் புட்டிங் கெட்டதா, அதனால் உயர்ந்ததா? பட்டினி கிடந்து வாங்கிய விடை, கேள்வியைவிடக் குழப்பமாக இருந்தது. எனக்கு எரிச்சல்.

எழுந்திருக்கலாம் என்றேன். முறைத்தார். "பந்தி முடியலயே. பாதியில எழுந்தா மத்தவங்கள அவமதிச்ச மாதிரி ஆகாதா?"

"நம்ம ஊர்க் கோப்பிக் கடையில சாப்பிட்டதும் எழுந்து போறதில்லயா?"

"கோப்பிக் கடை வேற. இது ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. இலை போட்ட மாதிரி."

சொன்னால் கேட்கிற ஆளா? ஒருவன் எழுந்தால் அந்த இடத்தில் இன்னொருவன் வந்து உட்கார்ந்தான். பந்தி எப்படி முடியும்? காலித் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு கறுப்புக் கோட்டுகளில் இரண்டு பேர் இடித்துவைத்த புளி போல உட்கார்ந்திருந்தோம். பரிமாறிய பெண் எங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

கடைசியாக எங்கள் எதிரில் ஒரு கிழவர் வந்தார். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, கையில் ஆங்கிலப் பத்திரிகை. சூப்பில் இரண்டு கரண்டி மிச்சம் வைத்தார். மீனில் ஒரு துண்டு வைத்தார். புட்டிங்கிலும் கட்டைவிரல் நுனி அளவு தட்டோரத்தில் ஒதுக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். குசினிக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. "வைக்கிறாரு! எல்லாத்துலயும் வைக்கிறாரு! அப்ப அது அவங்க இங்கிலீஷ்காரங்க வழக்கம், டிரெசரையா. என் கையில குத்தமில்ல!" அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கூட்டம் வடிந்தது. உள்ளேயிருந்து சமையல்காரி வந்தாள். பருத்த உடம்பு, நரைத்த தலை, முழங்கை வரை மாவு. ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே மேசை ஓரமாக நடந்து தட்டுகளைப் பார்த்தாள். துடைத்த தட்டு, துடைத்த தட்டு, துடைத்த தட்டு. கிழவரின் தட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அதைத் தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பினாள். அந்த முகத்தை நான் லாயாங் லாயாங்கில் பார்த்திருக்கிறேன். என் பக்கத்திலிருந்த குசினிக்காரர் அதை உள்ளேயிருந்தே அறிந்தவர். எழுந்து போனார். அவளிடம் எப்படிச் சொல்வது, அவருக்குப் பாஷை ஏது? தட்டைக் கையிலிருந்து மெல்ல வாங்கினார். யாரோ எச்சில்படுத்திய அந்தத் துண்டை, அந்தக் கிழவரின் கரண்டியாலேயே எடுத்து, வாயில் போட்டு விழுங்கினார். நெஞ்சில் கை வைத்தார். "நல்லாருக்கு தாயி. ரொம்ப நல்லாருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் நடந்தது. தெருவுக்கு வந்ததும் குழாயடியில் குனிந்து வாயைக் கொப்பளித்தார், கொப்பளித்தார், பல் கிட்டிக்கும் குளிரில். எச்சில் தின்பவன் என்று வைதால் கொலைக்கே எழும் மனிதர்கள் நம்மவர்கள். "ஏன் அண்ணே?" என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒருத்தரும் சொல்லல. அவளுக்காவது சொல்லிட்டேன்" என்றார்.

திரும்பி வந்தோம். புதிய துரை, தட்டை வழித்துத் தின்னும் வாலிபன். நான் குசினிக்காரரைச் சீண்டினேன், இப்போது திருப்திதானே என்று. "அவன் பசிக்குத் திங்கிறான். மண்ணை வச்சாலும் திம்பான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பங்களாவின் பழைய பீங்கான்களைக் கழித்தபோது நீலக் கோடு போட்ட ஒரு தட்டை மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பல வருஷம் கழித்து அவர் இறந்து, துக்கம் கேட்கப் போனேன். அந்தத் தட்டு அடுப்படிப் பலகையில் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் சம்சாரத்திடம் மார்செய் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம புட்டிங்கு செஞ்சு இந்தத் தட்டுலதான் குடுப்பாரு, தம்பி. எனக்கு அந்த முட்டை வாடையே ஆவாது. கொமட்டும். ஆனா ஒரு துண்டு மிச்சம் வச்சா மனுசன் முகம் செத்துப் போவும். மூச்சப் புடிச்சிக்கிட்டு வழிச்சுத் தின்னுட்டு, நல்லாருக்குங்கன்னு சொல்லுவேன். சாவற வரைக்கும் அவருக்குத் தெரியாது."

தெரியாதுதான் அம்மா, என்றேன். மோந்து பார்த்தே உப்பைச் சொன்ன மனிதருக்கு, எதிரில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றது தெரியாமலா இருந்திருக்கும்? அதை நான் சொல்லவில்லை.

தட்டை என்னிடம் கொடுத்துவிட்டாள். என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. நீலக் கோடு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. தட்டோரத்தில் ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது.