அழுக்கு கேட்டுப் போனவள்

முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கிருமிகளைக் கொன்றவள் அவள். அறுவை அறைக்குள் போகும் ஒவ்வொரு கத்தியும் கத்தரிக்கோலும் அவள் கையால் வெந்து, உலர்ந்து, உறைக்குள் அடைபட்ட பிறகுதான் உள்ளே போகும். பெரிய டாக்டர்கள்கூட அவள் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பிளீச்சிங்கம்மா’ என்பார்கள். இரண்டும் அவள் காதில் விழும். இரண்டுக்கும் தலை நிமிர்ந்தே நடப்பாள்.

அந்தச் சுத்தம்தான் அவளுக்குச் சோறு போட்டது. கூடப் பிறந்தவளைப் பிரித்ததும் அதே சுத்தம்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் அக்கா வீட்டில் ஒரு விருந்து. கூடம் நிறைய ஆட்கள். அக்கா கொடுத்த தண்ணீர் டம்ளரை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு விரல் ரேகை தெரிந்தது. எழுந்து போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டம்ளரைத் தேய்க்க ஆரம்பித்தாள். அக்காவின் முகம் கறுத்தது.

“என் வீட்டுத் தண்ணி உனக்குத் தொண்டையில இறங்காதுன்னா, வாசல் அந்தப் பக்கம் இருக்கு!”

அன்று இறங்கிய படியை அவள் மறுபடி ஏறவில்லை. அக்காவின் கணவர் இறந்த அன்றுகூடத் தோட்டத்தோடு நின்றுவிட்டாள். அத்தான் வளர்த்த கோய் என்ற பெரிய அலங்கார மீன்கள் சுற்றிக்கொண்டிருந்த குளக்கரையில் நின்று அழுதுவிட்டு, அக்காவின் முகம் பாராமல் திரும்பினாள். பாவி மனசு!

இப்போது அக்கா வீட்டை விற்றுவிட்டு மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் போகிறாள். சேதி கொண்டுவந்தவர் பிளீச்சிங்கம்மாவின் கணவர். ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். இரண்டு வீட்டுக்கும் நடுவே பதினோரு வருடமாகச் சம்பளமில்லாத தபால்காரர்.

“மீனெல்லாம் என்ன பண்றாளாம்?”

“ஒன்பதையும் கடைக்குக் குடுத்துடப் போறாங்களாம். பின்ன, ஃபிளாட்டுல வாளியிலயா விட முடியும்?”

அவளுக்கு அந்த மூத்த மீன் நினைவுக்கு வந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் சிவப்புத் திட்டு, முழங்கை நீளம். அத்தான் தண்ணீரில் விரலை வைத்தால் குழந்தை மாதிரி வந்து சப்பும்.

“அத்தான் கையால வளர்ந்தது கடைத் தொட்டிக்குப் போகாது. நம்ம தோட்டத்துக்கு வரும்னு போய்ச் சொல்லுங்க.”

“நம்ம தோட்டத்துல இருக்கறது குளமாம்மா? குப்பைத்தொட்டி!”

“ஆறு வாரம் குடுக்கச் சொல்லுங்க.”

அக்காவின் பதில் மறுநாள் வந்தது. ஆறாவது வாரம் சனிக்கிழமை வீட்டுச் சாவி கைமாறுகிறது. அதற்குள் தண்ணீர் சரியாக இருந்தால் மீன் வரும். இல்லையென்றால் கடைதான்.

அது முன்பு அங்கே குடியிருந்தவர்கள் கட்டிப்போட்டுவிட்டு மறந்த சிமென்ட் குளம். இடுப்பளவு ஆழத்தில் பாதி சேறு. புருஷனும் பெண்டாட்டியும் நான்கு நாள் வாளி வாளியாக அள்ளினார்கள். உள்ளேயிருந்து இரண்டு செருப்பு, உடைந்த ஓடுகள், ஒரு சைக்கிள் சக்கரம் எல்லாம் வந்தன. விரிசல்களைப் பூசி, உள்ளே கனமான ரப்பர் ஷீட் விரித்தார்கள். மெக்கானிக் இரண்டு நீல டிரம்களைக் குழாயால் இணைத்து, உள்ளே ஸ்பாஞ்சுப் பாய்களை அடுக்கி, பம்ப் மாட்டி ஃபில்டர் செய்துவிட்டார். நின்றுபோன பஸ்ஸை ஓட்டத் தெரிந்த கைக்கு நிற்கும் தண்ணீரை ஓட்டத் தெரியாதா?

மீன்கடைக்காரர் ஆறு சின்னத் தங்கமீன்களும் சோதனை மருந்தும் கொடுத்தார். “மீன் கழிவுல அம்மோனியா வரும். அதைத் தின்னுற நல்ல கிருமி ஸ்பாஞ்சுல வளரணும், நாலஞ்சு வாரம் ஆகும். குழாயில குளத்துத் தண்ணி எடுத்து இந்த மருந்தைச் சொட்டு விட்டுப் பாருங்க. மஞ்சள்னா நல்லது, பச்சைன்னா விஷம்.”

“கிருமி வளர்க்கணுமா? என்கிட்டயா சொல்றீங்க?” என்று சிரித்தாள்.

ஐந்தாவது வாரம் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் நின்றது. குளத்தின் அடி பளிச்சென்று தெரிந்தது. ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, அவள் டிரம் மூடியைத் திறந்து பார்த்தாள்.

ஸ்பாஞ்சு முழுக்கப் பழுப்பு வழவழப்பு. அத்தானின் மீன்கள் வரப்போகிற வீட்டில் இப்படியா! கடைக்காரர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் கைக்கு முப்பத்திரண்டு வருடப் பழக்கம். அத்தனை பாய்களையும் உருவி, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, ஏழு தண்ணீரில் அலசி, வெள்ளை வெளேரென்று திருப்பி வைத்தாள்.

புதன்கிழமை காலை தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சொட்டு விட்டாள். பச்சை.

“முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இதுதான் பெரிய ஆபரேஷன் போல” என்றார் மெக்கானிக்.

அவள் ஒரு நிமிடம் அழுதாள். ஒரே ஒரு நிமிடம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்காரருக்குப் போன் போட்டாள். மூன்று நாளில் கிருமி வளராது என்றார் அவர். ஓடிக்கொண்டிருக்கிற பழைய குளத்து ஸ்பாஞ்சு கிடைத்தால் உண்டு. எவ்வளவு அழுக்கோ அவ்வளவு நல்லது.

அவளுக்குத் தெரிந்து அப்படிப்பட்ட குளம் ஒன்றே ஒன்றுதான்.

“நான் போய்க் கேட்டுட்டு வரவா?”

“வேணாம். தபாலை இன்னியோட நிறுத்துங்க. தப்பு பண்ணது நான், கேக்கறதும் நான்தான். நீங்க பாதித் தண்ணியை மாத்தி, குளோரின் முறிக்கிற மருந்தைக் கலந்து வைங்க.”

அக்கா வீட்டுக் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். நடுவில் டேப்பும் கையுமாக அக்கா.

“யாரு இது! வழி தெரிஞ்சுதா?”

“ஒண்ணு கேட்டு வந்திருக்கேன்க்கா.”

“என்ன?”

“அழுக்கு.”

“என்னடி சொல்ற?”

“உன் ஃபில்டர்ல இருக்கிற அழுக்கு. என்னோடதை நான் பிளீச்சிங் போட்டுக் கழுவிட்டேன்.”

அக்கா ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். பிறகு பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். “கழுவிட்டியா... அதையும் கழுவிட்டியா! அவர் இருந்திருந்தா உன்னை அந்த டிரம்முக்குள்ள தலைகீழா முக்கியிருப்பாரு!” சிரித்துச் சிரித்தே கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. எந்த நொடியில் சிரிப்பு அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை. தங்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் அக்கா மூக்கை உறிஞ்சினாள். “ஸ்பாஞ்சை எடுத்துட்டா என் குளத்துல மீன் தாங்காது. போனா ரெண்டும் சேர்ந்துதான் போகணும், இன்னிக்கே. உன் தண்ணியைப் பாக்காம எப்படிடி அனுப்புவேன்?”

“நீயும் வா. நீயே தினம் சோதிச்சுப் பாரு. சனிக்கிழமைக்குள்ள மஞ்சள் வரும், நான் பொறுப்பு. கழுவிக் கெடுத்தவளுக்குக் கழுவாம காப்பாத்தவும் தெரியும்.”

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பினாள். தங்கை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரே மூச்சில், கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மாலைக்குள் வேன் வந்தது. மூடி போட்ட தொட்டிகளில் ஒன்பது மீன்கள்; பழைய குளத்துத் தண்ணீரிலேயே மிதந்து வந்தன அழுக்கு ஸ்பாஞ்சுகள். அவற்றைப் பிளீச்சிங்கம்மா தன் வெறுங்கையால் ஒவ்வொன்றாக டிரம்மில் அடுக்கினாள்.

சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அக்கா, நேரே குளத்துக்குப் போய்ச் சொட்டு விட்டு, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“மஞ்சள்.”

“கண்ணாடியில கைரேகை இருக்கா, அதையும் பாத்துச் சொல்லு” என்றாள் தங்கை.

“இருக்கு. என்னோடதுதான். இருக்கட்டும்.”

மூத்த மீன் மேலே வந்து அக்காவின் விரலைத் தேடியது. மெக்கானிக் அதற்குள் டிரம் மூடிக்கு ஒரு பூட்டு மாட்டியிருந்தார். சாவியை மனைவியைத் தாண்டி நீட்டி, அக்காவின் கையில் கொடுத்தார்.

“வாரத்துக்கு ஒரு தடவை நீங்க வந்து திறந்தாப் போதும்.”