ஐந்து மணிக் கரடிக்காக ஒன்றரை மணிக்கு ஓர் உறக்கம்

போன டிசம்பரில், கிறிஸ்துமஸ் லீவில், நாங்கள் நான்கு பேரும் ஒரு தீம் பார்க்குக்குப் போய்த் தோற்றுத் திரும்பினோம். இந்த மார்ச்சில் அதே பார்க்குக்குப் போய் ஜெயித்து வந்தோம். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இப்படிப் போகத் திட்டம் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள் சிரிப்பதற்காகப் படிக்கலாம்.

முதலில் எங்களைப் பற்றி. எனக்குப் பாறசாலைப் பக்கம் லைட் அண்ட் சவுண்ட் வேலை. மனைவி ஷைனி தனுவச்சபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். மகள் அபிக்கு மூன்றரை வயது, மகன் ஈதனுக்கு ஒன்றே முக்கால். பார்க் எங்கள் வீட்டிலிருந்து 54 கிலோமீட்டர், கழக்கூட்டம் தாண்டி. பெயர் எழுதவில்லை. அவர்கள் எனக்கு எதுவும் தரவில்லை, நானும் அவர்களுக்கு விளம்பரம் செய்வதாக இல்லை.

டிசம்பரில் என் திட்டம் ரொம்ப எளிமை: டிக்கெட் எடுத்தால் எல்லாவற்றிலும் ஏற வேண்டும். தூக்கத்தை வீட்டில் இலவசமாகவே தூங்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவனின் கணக்கு இது. பன்னிரண்டே முக்காலுக்கு ஈதன் என் சட்டைப் பாக்கெட்டைக் கிழித்தான். ஒன்று இருபதுக்கு அபி நடைபாதையில் குப்புற விழுந்து கிடந்தாள். அவள் வாசலில் ஒரு கரடியின் படத்தைப் பார்த்திருந்தாள். தினமும் ஐந்து மணிக்குக் கரடி வேஷம் போட்ட ஒருவர் செண்டை மேளத்தோடு ஊர்வலமாக வந்து பிள்ளைகளுக்குக் கை கொடுப்பார். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். நாங்கள் ஒன்று நாற்பதுக்கே காரில் இருந்தோம்.

அதற்குப் பிறகு மூன்று மாதமாக வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் கரடியப் பாக்கேல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் சொன்னாள். அவர், "அய்யோ, அப்பன் காட்டேல்லியா மக்கா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இன்னொருக்க போலாம்" என்று நான் பிப்ரவரியில் மெல்லச் சொன்னேன்.

"போலாம்" என்றாள் ஷைனி. "ஆனா இந்தத் தடவையும் பாதியில திரும்பினா, இதுக பள்ளிக்கூடம் போறது வரைக்கும் எங்கயும் கெடயாது. உங்க பிளானும் கெடயாது, நீங்க பேசவும் கூடாது. சொல்லியாச்சு."

ஆக, அபிக்குக் கரடி, எனக்கு இனி வரப்போகும் எல்லாப் பயணங்களும். இரண்டும் ஒரே நாளில் தொங்கிக்கொண்டிருந்தன.

நாள் மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. காரணம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாள்களில் எங்கள் சபைகளில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் எனக்கும் வேலை இல்லை. கோயில் திருவிழா எடுக்கும் அளவுக்கு என்னிடம் பெரிய செட்டும் இல்லை. பள்ளிகளுக்கு இன்னும் லீவு விடவில்லை, கூட்டம் இருக்காது.

இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டில் பிள்ளைகளின் தூக்கத்தை எழுத ஆரம்பித்தேன். ஈதன் 12.40 முதல் 2.00. அபி "எனக்கு ஒறக்கம் இல்ல" என்று அறிவிப்பது 1.00, தூங்கிப்போவது 1.15, எழுவது 2.30. தூங்காத நாளில் நான்கரைக்கு மேல் வீட்டில் மனிதர் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்கு இடித்தது: இரண்டு பேரும் காலை 10.40. வித்தியாசமான நாள் என்று ஞாயிற்றை அடித்துவிட்டேன். அதை அடித்ததுதான் தப்பு.

செவ்வாய் காலை 7.20க்குக் கிளம்பினோம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை டவுன் வழியாகப் போகாமல், காரோடு என்ற ஊருக்குப் போய் பைபாஸ் ஏறினால் நெரிசல் இல்லை. வழியில் டோல் உண்டு. இங்கே முக்கியமான விஷயம்: போகும்போது காரில் பிள்ளைகளைத் தூங்க விடக் கூடாது. காரில் இருபது நிமிஷம் கண் மூடினால் மத்தியானத் தூக்கம் காலி. விழிஞ்ஞம் பக்கம் ஈதனின் தலை ஆட ஆரம்பித்தது.

"ஷைனி, அவன் ஒறங்குறான். எதாவது செய்யி!"

"நேத்து ராத்திரி ஒறங்குடா ஒறங்குடான்னு கெஞ்சினேன். இப்பம் ஒறங்காதேன்னு கெஞ்சணும். எலே ஈதா, அந்தா பாரு, லாரி! மஞ்ச லாரி!"

அடுத்த இருபது கிலோமீட்டருக்குக் கேரளத்தில் ஓடும் எல்லா லாரிகளையும் எங்களுக்கு அறிமுகப்படுத்தினாள். 8.55க்குப் பார்க் வாசல். பெரியவர்களுக்கு ஆளுக்கு 900, அபிக்கு 700. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம் என்பதால் ஈதன் இலவசம். பார்க்கிங் 60. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளதை விடுகிறார்கள். காவலாளி என் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.

"இது என்தா சேட்டா?"

"பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும்."

"ரண்டு குட்டிக்கு இத்றயும் கஞ்சியோ?" என்று என் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரித்து உள்ளே விட்டார். மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

9.30 முதல் 11.45 வரை நான்கு விளையாட்டுகள் மட்டும்: குதிரை ராட்டினம், கப் சுற்றுவது, வாத்துப் படகு, குழந்தைகள் குளம். இடையில் பெரிய ரோலர் கோஸ்டரைக் கடந்தோம். வரிசையில் ஆளே இல்லை. நான் அரை நிமிஷம் நின்றேன். "வாங்க" என்றாள் ஷைனி. வந்துவிட்டேன். 11.50க்குக் கஞ்சி. 12.30க்கு ஓய்வுக் கூடம்.

பாலூட்டும் அறைக்கு அடுத்து இருக்கிறது இந்தக் கூடம். ஆறு மின்விசிறி, சிமென்ட் தரை, மூன்று பக்கம் திறப்பு. பாய், தலையணை, போர்வை எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். சுவர் ஓரம் விரித்தோம். பக்கத்துப் பாயில் கள்ளிக்காட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி, அவர்களுடைய இரண்டு வயது மகனோடு. அவனும் தூங்கவில்லை. வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு. என் தொழிலையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

12.40 போயிற்று. 1.00 போயிற்று. அபி தலையணைமேல் நின்று ஆடினாள். ஷைனி தாலாட்டினாள், தட்டிக் கொடுத்தாள், போர்வையால் கூடாரம் கட்டினாள். ஈதன் கூடாரத்தை இடித்தான். 1.20 ஆனபோது அபியின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. டிசம்பரின் அதே நேரம், அதே உதடு.

"எனக்குக் கரடி இப்பம் வேணும்."

"அஞ்சு மணிக்காக்கும் மக்கா கரடி வரும்."

"இப்பம்!"

ஷைனி என்னைப் பார்த்தாள். இடிந்த கூடாரத்துப் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டைத் திறந்தேன். ஆபத்தில் நோட்டைத் திறக்கிற ஒரே சவுண்டுக்காரன் நானாக்கும். அதில் நான் அடித்துவிட்ட வரி: ஞாயிறு, 10.40.

ஞாயிற்றுக்கிழமை 10.40க்கு என்ன நடக்கிறது? சபையில் பிரசங்கம் தொடங்குகிறது. மைக் மிக்ஸர் என் பொறுப்பு. என் காலடியில், வயர்ச் சுருளுக்குப் பக்கத்தில், பாய் விரித்துப் பிள்ளைகளைக் கிடத்துவோம். போதகர் வேத பாகத்தை வாசித்து முடிப்பதற்குள் இரண்டும் தூங்கியிருக்கும். அங்கேயும் ஒலிபெருக்கி உண்டு, விசிறி உண்டு, ஆள் கூட்டம் உண்டு. நான் ஒவ்வொரு வாரமும் பிரசங்கத்தைப் பதிவு செய்து போதகருக்கு அனுப்புகிறவன். ஐந்து வாரத்துப் பதிவுகள் போனில் கிடந்தன. சின்ன புளூடூத் பெட்டியும் பையில் இருந்தது. சாமான் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

பக்கத்துப் பாய்க்காரரிடம், "சேட்டா, கொஞ்சம் பிரசங்கம் போடட்டா? சத்தம் கொறவா வைக்கேன்" என்று கேட்டேன். அவர் நான் மதம் பரப்ப வந்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் தோளில் மகன் எட்டி உதைத்துக்கொண்டிருந்த நிலையில், "எந்தெங்கிலும் போடு" என்றார், எதையாவது போடு என்று.

போட்டேன். பெட்டியிலிருந்து எங்கள் போதகரின் குரல், மலையாளத்தில், ஆற்று மணல்மேல் தண்ணீர் போவது மாதிரி நிதானமாக வந்தது. அபி ஆட்டத்தை நிறுத்தினாள். சுற்றிப் பார்த்தாள். சபையில் செய்வது போலவே என் காலடிக்கு வந்து சுருண்டாள். ஈதன் ஆறாவது நிமிஷத்தில் தூங்கினான். அபி ஒன்பதில். கள்ளிக்காட்டுப் பையன் பதினொன்றில். அவன் அப்பா எப்போது என்று நான் கவனிக்கவில்லை, குறட்டையில்தான் தெரிந்தது.

"இஞ்சேருங்க" என்று ஷைனி காதில் சொன்னாள். "போதகருக்கு இது தெரிஞ்சா?"

"சந்தோஷப்படுவாரு. எத்தன பேருக்கு இளைப்பாறுதல் குடுத்திருக்காரு பாரு."

"உங்களுக்க வாய்க்கு அடுத்த வாரம் சபையில நல்லா கெடைக்கும்."

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நான் ஹீரோ. ஆனால் நானும் தூங்கிவிட்டேன். பிரசங்கத்தின் 34ஆம் நிமிஷத்தில் போதகர், எழுந்து நின்று பாடுவோம் என்று சொன்னதும் கண் விழித்தேன். பார்த்தால், ஷைனி பாதித் தூக்கத்தில் எழுந்து நின்று முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் மறு ஓரத்தில் முன்பின் தெரியாத ஒரு சேச்சியும் எழுந்து நின்றார். அடுத்து வரப்போவது கீபோர்டும் டிரம்ஸும் என்பது எனக்குத் தெரியும், அந்தச் சத்தத்தை ஏற்றி வைத்ததே நான். ஈதன் ஒரு கண்ணைத் திறந்துவிட்டான். அவசர அவசரமாக அதற்கு முந்தின வாரத்துப் பிரசங்கத்துக்கு மாற்றினேன். "பிரியமுள்ளவரே" என்றது பெட்டி. கண் மூடியது.

கள்ளிக்காட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே, "நிறுத்தல்லே அண்ணா" என்றார், நிறுத்திவிடாதே என்று.

இரண்டு பேரும் 2.55 வரை தூங்கினார்கள். இவ்வளவு தாமதமாக எழுந்த நாள் என் நோட்டிலேயே இல்லை. எழுந்ததும் அபி கேட்ட முதல் கேள்வி, "பாட்டு முடிஞ்சா?"

3.15க்குக் குட்டி ரயில், இரண்டு தடவை. 3.50க்கு மறுபடியும் வாத்துப் படகு. 4.15க்கு நீர்த் தூவல். வெயில் இறங்கியிருந்தது. மத்தியானம் முழுக்க வெயிலில் நடந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக, அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கிப் போயின. டிசம்பரில் நாங்கள் போன அதே நடை. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் பொய்.

4.45க்குக் கயிற்றை ஒட்டி முதல் வரிசை. ஐந்து மணிக்குச் செண்டை. கரடி வந்தது. கிட்டத்தில் பார்த்தால் என்னைவிடப் பெரிய கரடி. அபி பயந்து அழுதுவிடுவாளோ என்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கரடி குனிந்து கையை நீட்டியது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, மேளத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்:

"நான் ஒறங்கிட்டு வந்தேன்!"

கரடி தலையை ஆட்டியது. ஷைனி திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். நானும் மூக்கைச் சிந்தினேன், அது குளத்துத் தண்ணீரால் இருக்கலாம்.

5.40க்குக் கிளம்பி 7.25க்கு வீடு. வேலை விடும் நேரம், கழக்கூட்டத்தில் நெரிசல் உண்டு. திருவல்லம் தாண்டியபோது பின் சீட்டில் இரண்டும் தூங்கிப்போயின. "ஓணத்துக்கு எங்க போறோம்?" என்றாள் ஷைனி. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் எனக்குக் கேட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் தூங்கும் நேரத்தை வைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் விளையாட்டைச் செருகுங்கள். பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் சோறு கொடுங்கள். வீட்டுப் பாயைக் கொண்டுபோங்கள், புதுப் பாய் வேண்டாம், மணம் மாறினால் பிள்ளைக்குத் தெரியும். இன்னொன்று: உங்கள் பிள்ளை வீட்டை விட்டு வெளியே எங்கே தூங்குகிறது என்று பாருங்கள். ரேஷன் கடை வரிசையோ, பஸ்ஸோ, பாட்டுக் கச்சேரியோ, எதுவானாலும் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அமைதியில்தான் தூங்குவார்கள் என்று காத்து நான் நாற்பது நிமிஷம் வீணாக்கினேன். பிள்ளைகளுக்கு வேண்டியது அமைதி இல்லை, பழகின சத்தம்.

டிக்கெட்டின் பின்பக்கம் முப்பத்திரண்டு விளையாட்டு போட்டிருந்தது. நாங்கள் ஏறியது ஆறு. மிச்சம் இருபத்தாறும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கட்டும்.